அத்தானின் சிறப்பு நிருபர்

மார்ச் 4

அன்பு மைத்துனருக்கு,

நானும் உங்கள் அக்காவும் சுகம். என் இடுப்புவலி மட்டும் பத்திரிகை மாதிரி தினமும் தவறாமல் வருகிறது. நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதத்திலிருந்து உங்கள் ஏஜென்சியின் செய்தி நம் பத்திரிகைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் தலைமை அலுவலகத்துக்கு முறைப்படி எழுதியாயிற்று. அங்கே வேலை பார்க்கும் நீங்கள் இதை வேறு யார் வாயிலோ கேட்கக் கூடாது என்பதால் தனியாக எழுதுகிறேன்.

நான் காசு கொடுத்து வாங்கும் அதே செய்தியைத் தெருவின் எதிர்ச்சாரிப் பத்திரிகைக்காரரும் காசு கொடுத்து வாங்குகிறார். எங்கள் இரண்டு முதல் பக்கங்களையும் மாற்றி ஒட்டினால் அச்சடித்தவனுக்கே அடையாளம் தெரியாது. போன மாதம் உங்கள் பிரிவிலிருந்து ஒரு பிரதமரைப் 'பிரமதர்' என்று அனுப்பினீர்கள். இரண்டு பேரும் 'பிரமதர்' என்றே போட்டோம். ஒரே தப்பை இரண்டு பேர் விலை கொடுத்து வாங்குவதா?

நம் வாசகருக்கு வேண்டியது என்ன? தண்ணீர் எப்போது வரும், யார் வீட்டில் கல்யாணம், யார் போய்ச் சேர்ந்தார். எங்கோ ஒரு தேசத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் இங்கே யார் வீட்டு அடுப்பு அணையப் போகிறது? உங்கள் டெலிபிரிண்டர் மூலையில் நின்றுகொண்டு நாளெல்லாம் கடகடவென்று காகிதத்தைத் துப்புகிறது. அச்சுக்கூடத்து ஆட்கள் அதன் சூட்டில் துண்டு காயப்போடுகிறார்கள். அதற்கு ஒரு கொடிக்கயிறு போதும்.

சொந்தம் வேறு, சந்தா வேறு. நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும்.

அன்புடன்,
அத்தான்

&nbsp;

மார்ச் 13

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். அக்காவிடம் என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

அந்தப் 'பிரமதர்' என் கைவேலைதான். ஆனால் அதை வைத்து முழுக் கடையையும் எடைபோடாதீர்கள். வருகிற செய்திக்கு மட்டும் காசு கொடுப்பதாக நினைக்கிறீர்கள். வராத செய்திக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். போன வாரம் ஒரு பெரிய நடிகர் இறந்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. எங்கள் ஆள் ஒருவர் நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். நடிகரே வந்து திறந்தார்.

"யாருய்யா நீ?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க இருக்கீங்களான்னு பார்த்துட்டுப் போக வந்தேன்."

அந்த மரணச் செய்தி உங்களுக்கு வரவில்லை அல்லவா? வராமல் செய்த ஆளுக்கும் மாதச் சம்பளம் உண்டு, அத்தான்.

மற்றபடி முடிவு உங்களுடையது. நான் வருத்தப்படவில்லை. எங்கள் மொழிப் பிரிவில் எல்லாம் நன்றாகவே போகிறது. சில நாற்காலிகள் காலியாகிவிட்டதால் முன்பைவிட நல்ல காற்றோட்டம்.

வணக்கத்துடன்,
மைத்துனன்

&nbsp;

ஏப்ரல் 7

அன்பு மைத்துனருக்கு,

ஒத்தடம் கொடுத்ததில் இடுப்பு தேவலை. உங்கள் உடம்பு எப்படி? தூக்கம் எப்படி? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

டெலிபிரிண்டரை வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அலுவலகம் கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. வெளிநாட்டுச் செய்திக்கு நானே ஒரு ஏற்பாடு செய்தேன். நம் புரூஃப் ரீடர் காதோரம் ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்டதை எழுதித் தருகிறார். ரேடியோ கொஞ்சம் கரகரப்பதால் ஆரம்பத்தில் சிறு தடங்கல். 'தீவை முயல் தாக்கியது. நூற்றுக்கணக்கான வீடுகள் தரைமட்டம்' என்று வந்துவிட்டது. அச்சுக் கோப்பவர் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார். "அந்த நாட்டு முயல் பெரிசா இருக்கும், நீ கோத்துப் போடு" என்றிருக்கிறார் நம் ஆள். பரவாயில்லை. அன்றைக்கு விற்பனை கூடுதல்.

அது கிடக்கட்டும். உங்களைப் பற்றியே எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கிறோம். தலைநகரில் நிலவரம் எப்படி? ரயில்வே வேலைநிறுத்தம் நடக்குமா? காய்கறி விலை என்ன? சட்டசபையில் யார் யாரைத் திட்டினார்கள்? சும்மா, தெரிந்துகொள்ளத்தான். அஞ்சல்தலை ஒட்டி, விலாசமும் எழுதிய உறைகளை ஒரு கட்டாக அனுப்பியிருக்கிறேன். விவரமாக எழுதுங்கள். வியாழக்கிழமை தபாலில் சேர்த்தால் ஞாயிறு மலருக்கு, அதாவது ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகப் படிக்க, சௌகரியமாக இருக்கும்.

பாசத்துடன்,
அத்தான்

&nbsp;

ஏப்ரல் 15

பிரியமுள்ள அத்தானுக்கு,

இத்தனை வருஷத்தில் நான் சாப்பிட்டேனா என்று நீங்கள் கேட்டது இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. சந்தா விஷயத்தில் உங்களைப் பற்றி மனதுக்குள் கொஞ்சம் முணுமுணுத்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ரயில்வேக்காரர்கள் பேச்சுவார்த்தையில் இறங்கிவிட்டார்கள், வேலைநிறுத்தம் இருக்காது போலத் தெரிகிறது. தக்காளி விலை கேட்டால் தலை சுற்றுகிறது. செவ்வாய்க்கிழமை துறைமுகத்தில் பஞ்சுக் கிடங்கு தீப்பிடித்தது. எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. அறையில் படுக்க முடியாமல் மொட்டைமாடிக்கு ஏறியவன் எல்லாவற்றையும் பார்த்தேன். கிடங்கின் கூரை அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே விழுந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை நின்றேன்.

நீங்கள் கேட்டதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வேறு யார் இதையெல்லாம் கேட்கப்போகிறார்கள்?

அன்புடன்,
மைத்துனன்

&nbsp;

ஏப்ரல் 26

அன்பு மைத்துனருக்கு,

கடிதம் அருமை. இதே மாதிரி எழுதுங்கள், ஆனால் முக்கியமான விஷயத்தை முதல் வரியில் வையுங்கள். கிடங்கின் சொந்தக்காரர் யார்? தீ பிடிக்கக் காரணம் என்ன? நஷ்டம் எவ்வளவு? பல் எப்படி?

அவசரத்தில்,
அத்தான்

தம்பி, அவர் உறையை ஒட்டுவதற்குள் இரண்டு வரி எழுதிவிடுகிறேன். உனக்குப் பல்வலி என்று எனக்கு ஏன்டா சொல்லவில்லை? பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கிராம்பு வை. – அக்கா

&nbsp;

மே 5

அன்பு அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். அத்தானுக்கு நான் இனிமேல் எழுதுவதாக இல்லை.

பல்வலியைப் பேப்பரில் படித்ததாக எழுதியிருந்தாயே, அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் எங்கள் அலுவலகத்துக்கு வரும் வெளியூர்ப் பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தேன். 'கடும் பல்வலியையும் பொருட்படுத்தாமல் நம் சிறப்பு நிருபர் மொட்டைமாடியிலிருந்து கண்ட கோரக் காட்சி!' என்னைத் தூக்கம் விசாரித்து, சாப்பாடு விசாரித்து, கடைசியில் காசில்லாத டெலிபிரிண்டர் ஆக்கிவிட்டார் அத்தான். ஏஜென்சியில் சம்பளம் வாங்குகிறவன் வேறு பத்திரிகைக்கு எழுதினால் வேலை போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. கஞ்சிதான் குடிக்கிறேன்.

இங்கே ஒரே குழப்பம். மந்திரி ராஜினாமா செய்துவிட்டார். மேலிடத்தோடு பெரிய சண்டை. மேசையைத் தட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேற்றே போய்விட்டார். இன்னும் வெளியில் தெரியாது. அடுத்து யார், எங்கள் கதி என்ன என்று யாருக்கும் பிடிபடவில்லை. யாரிடமும் சொல்லாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கால் வீக்கம் குறைந்ததா?

உன்,
தம்பி

&nbsp;

மே 16

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் கிடக்கட்டும். இங்கே தலை போகிற காரியம் நடந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். உன் எழுத்தைப் பார்த்ததும் உன் அத்தானுக்குக் கை அரித்திருக்கிறது. பிரித்துவிட்டார். உங்கள் அலுவலகப் பெரியவரை நீங்களெல்லாம் 'மந்திரி' என்றுதான் கூப்பிடுவீர்கள், எதைக் கேட்டாலும் "பரிசீலிக்கிறேன்" என்று சொல்வதால் வந்த பெயர் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

புரூஃப் ரீடர் கேட்டிருக்கிறார், "எந்த மந்திரிங்க?" என்று.

"நமக்குத் தெரிஞ்ச மந்திரி யாருய்யா? நம்ம பாலத்தைத் திறக்க வர்றாரே, அவருதான். வர்ற நேரத்துல இப்படி ஆயிடுச்சு பாரு!"

மறுநாள் காலை முதல் பக்கம் முழுக்க, குருடருக்கும் தெரிகிற எழுத்தில்: 'மந்திரி ராஜினாமா! மேலிடத்துடன் மோதல்! பெட்டியுடன் வெளியேறினார்!' அன்றைக்குத்தான் பாலத் திறப்பு. எதிர்ச்சாரிப் பத்திரிகையில் ராஜினாமாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "பார்த்தியா, பணம் கட்டுறவனுக்குத் தெரியல, நமக்குத் தெரிஞ்சிருக்கு" என்று உன் அத்தான் வாசலில் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஊர் நம்பிவிட்டது, தம்பி. பந்தல்காரர் வரவேற்பு வளைவைப் பிரித்துவிட்டார். பேண்டு வாத்தியக்காரர்கள் வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அதிகாரிகள் ஆளுக்கொரு காரணம் சொல்லி வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

மந்திரி ரயிலில் வந்து இறங்கினார். பிளாட்பாரத்தில் ஈ காக்கை இல்லை. ஒரு போர்ட்டர் மட்டும் அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஓ, பெட்டியோட வெளியேறிட்டார்ன்னு போட்டிருந்தாங்களே, அது நீங்கதானாய்யா?" என்று கேட்டானாம். மந்திரி பத்திரிகையை வாங்கிப் படித்திருக்கிறார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, தான் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது தன்னை வெளியே அனுப்பிவிட்டார்களோ என்று. ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலைநகருக்கு ட்ரங்க் கால் போட்டிருக்கிறார். யாரோடு பேசினாரோ தெரியாது. வெளியே வரும்போது நிமிர்ந்து வந்தாராம். நேரே நம் அலுவலகம்.

உன் அத்தான் காகித உருளைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். இடுப்புவலியையும் பொருட்படுத்தாமல்.

நான்தான் முன்னால் போனேன். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கய்யா" என்றேன். உன் கடிதத்தை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டு, 'மந்திரி' யார் என்பதையும் சொன்னேன். கடிதத்தைப் பிரித்துப் பத்திரிகையில் போட்டது உன் அத்தான்தான், நீ எழுதியது அக்காவுக்கு என்றும் சொன்னேன். அவர் மெதுவாகப் படித்தார்.

"ஆக, ராஜினாமா பண்ணது வேற மந்திரி?"

"ஆமாங்கய்யா."

"அந்த மந்திரி என்னத்துக்கு ராஜினாமா பண்ணாரு?"

"தெரியலீங்க. தம்பி எழுதல."

"மேசையைத் தட்டிட்டுப் போனாராமே." கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "நான் ஒரு தடவைகூட மேசையைத் தட்டினதில்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பாலத்தைத் திறக்கவில்லை.

அவர் கேட்ட கேள்வியை நானும் கேட்கிறேன். அந்த மனிதர் ஏன் போனார்? உங்கள் கதி என்ன என்று எழுதியிருந்தாயே, என்ன அர்த்தம்?

கவலையுடன்,
அக்கா

&nbsp;

ஜூன் 20

அன்பு மைத்துனருக்கு,

சுகமா? உங்கள் அக்காவின் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் இல்லை. நானும் இரண்டு அஞ்சலட்டை போட்டேன். அவையாவது வந்து சேர்ந்தனவா?

மறுப்புச் செய்தி முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிட்டேன். நான்காம் பக்க மூலையில் போடலாம் என்று பார்த்தேன். உங்கள் அக்கா அச்சுக்கூடத்திலேயே வந்து நின்றுகொண்டாள். இப்போது எனக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை. கடைத்தெருவில் எதைச் சொன்னாலும், "இது உங்க மச்சான் எழுதினதா, நிஜமா நடந்ததா?" என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இறந்த செய்தியைப் போட்டேன், அதைக்கூட நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் அழுதார்கள்.

செய்தி எதுவும் கேட்கவில்லை, மச்சான். உங்களுக்கு வேலை இருக்கிறதா இல்லையா, அது ஒன்றைச் சொல்லுங்கள்.

காத்திருக்கும்,
அத்தான்

&nbsp;

ஜூலை 9

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

சுகமாகத்தான் இருக்கிறேன். எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. என்ன எழுதுவது என்று எனக்கே ஒரு தீர்மானம் இல்லாமல் இருந்தது.

எங்கள் மொழிப் பிரிவை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். சிறு பத்திரிகைகள் ஒவ்வொன்றாகச் சந்தாவை நிறுத்தின. ஒன்று குறையும்போதெல்லாம் மேலிடம் ஒரு நாற்காலியை எடுத்தது. இன்னும் ஒன்று போனால் மொத்தமாக மூடிவிடுவோம் என்று பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்கள். மார்ச்சில் உங்கள் கடிதம் வந்தது. எங்கள் மந்திரி இரண்டு மாதம் மல்லுக்கு நின்று பார்த்துவிட்டுத்தான் மேசையைத் தட்டினார்.

நீங்கள் சந்தாவை நிறுத்துகிறேன் என்று எழுதியபோதே எனக்கு இது தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அக்காவுக்காகப் பணத்தைக் கட்டியிருப்பீர்கள். அது சந்தா ஆகாது அத்தான், மைத்துனனுக்குப் படியளப்பது.

உங்களுக்கு எழுதிய குற்றத்தை நானே போய் மேலிடத்தில் சொன்னேன். மூடப்போகிற கடையில் ஆளை வேலைநீக்கம் செய்து என்ன ஆகப்போகிறது என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அன்றைக்கு ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருந்து வந்த ட்ரங்க் காலை எடுத்தது நான்தான். பாலம் திறக்க வந்த மந்திரி முதலில் தன் கட்சி அலுவலகத்தைக் கூப்பிட்டிருக்கிறார், அங்கே யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லையாம்.

"தம்பி, நான் ராஜினாமா பண்ணிட்டதா ஏதாவது செய்தி வந்திருக்கா?"

"இல்லீங்கய்யா. எங்களுக்கு அப்படி எதுவும் வரல."

"நல்லா பார்த்துச் சொல்லுப்பா."

"பார்த்துட்டேங்கய்யா. நடக்கல."

நீண்ட பெருமூச்சு கேட்டது. "உங்ககிட்ட வரலைன்னா சரி" என்று வைத்துவிட்டார். இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு இதுதான். அதற்கும் உங்களுக்குத்தான் நன்றி சொல்லவேண்டியிருக்கிறது.

அன்புடன்,
மைத்துனன்

&nbsp;

ஆகஸ்ட் 2

அன்பு மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் அக்கா சத்தமாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனேன்.

பத்திரிகை ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வாசல்படியை நான் மிதித்ததில்லை. எதிர்ச்சாரிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன, என்னையும் ராஜினாமா பண்ண வைக்க வந்தீங்களா?"

"உங்க மெஷினும் நிக்கப்போகுது, தெரியுமா?"

தெரிந்திருந்தது. உங்கள் பிரிவை மூடினால் அவருக்கும் நம் மொழியில் எதுவும் வராது. அவரிடமும் ஒரு ரேடியோதான் இருக்கிறது. என் முயலைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. டீ வரவழைத்தார்.

பேசி முடித்துவிட்டோம். நாங்கள் இருவரும், பக்கத்து ஊர்ச் சிறு பத்திரிகைக்காரர்கள் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கிறோம். உங்கள் மந்திரியும் நீங்களும் மற்ற நாற்காலிகளும் எங்களுக்குச் செய்தி தரவேண்டும். சம்பளம் சங்கம் தரும். இது படியளப்பது இல்லை மச்சான், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வராத செய்தி வேண்டும். அது இல்லாமல் நான் பட்டது போதும்.

எதிர்ச்சாரிக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பொதுச் செய்திக்குத் தலைப்பு மட்டும் நான் எழுதக் கூடாதாம். சம்மதித்துவிட்டேன். வீட்டில் பேச்சு திரும்ப வந்துவிட்டது.

பதிலை எதிர்பார்க்கும்,
அத்தான்

&nbsp;

செப்டம்பர் 11

அன்பு அத்தானுக்கு,

நலம். இங்கே எல்லோரும் இப்போதுதான் நிஜமாகவே நலம்.

மந்திரியிடம் உங்கள் திட்டத்தைச் சொன்னேன். "பரிசீலிக்கிறேன்" என்றார். அடுத்த நாள் காலை நாங்கள் பிடித்த வாடகை அறைக்கு வீட்டிலிருந்து தன் சொந்த நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த மாதம் தொடங்குகிறோம்; உங்கள் அலுவலகத்துக்கு டெலிபிரிண்டர் திரும்ப வரும். இரண்டு பேர் உறுதிப்படுத்தாத செய்தி வெளியே போகாது என்பது அவர் சட்டம்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு நிருபர் வேண்டும். உங்கள் ஊருக்கு உங்களையே போடலாமா என்று கேட்டேன். மந்திரி வாழ்நாளில் முதல் தடவையாகப் பரிசீலிக்காமல் பதில் சொன்னார், "வேண்டாம்" என்று. அப்புறம், "அந்த மந்திரிக்கு நாற்காலி போட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாங்களே ஒரு அம்மா, அவங்க எழுதுவாங்களா?" என்று கேட்டார்.

அக்காவுக்குத் தனி உறை வைத்திருக்கிறேன். தயவுசெய்து பிரிக்காமல் கொடுங்கள்.

பணிவுடன்,
மைத்துனன்

&nbsp;

நவம்பர் 24

அன்பு மச்சானுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். சங்கத்தின் செயலாளர் நீங்கள் என்பதால் ஒரு சந்தாதாரரின் புகாராக இதை எடுத்துக்கொள்ளவும்.

பூட்டிக் கிடந்த நூற்பாலையைத் திறக்கப்போகிறார்கள் என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் பேச்சு. பாதி ஊருக்குச் சோறு போட்ட ஆலை. உங்கள் அக்கா நேற்றுக் காலை மேனேஜரைப் பார்த்தாள். பிறகு தொழிற்சங்கத் தலைவரைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள், உங்களுக்கு ட்ரங்க் கால் போட்டுப் படித்தாள். பிறகு எனக்குச் சாப்பாடு போட்டாள்.

"ஆலை திறக்குதா, இல்லையா?" என்று கேட்டேன்.

"மெஷின்ல வரும், பாருங்க."

"அடியே, உன் புருஷன் கேக்கிறேன்."

"புருஷனுக்குத்தான் சோறு போட்டாச்சே. சந்தாதாரருக்கு மெஷின்ல வரும். எதிர்ச்சாரிக்காரரும் பணம் கட்டுறாரு. அவருக்கு முன்னாடி உங்களுக்குச் சொன்னா அது நியாயமா?"

கெஞ்சினேன். மோர் ஊற்றினாள். முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் ஒன்றும் பிடிபடவில்லை.

பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், எதிர்ச்சாரிக்காரரும் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்து, "உங்க வீட்டுச் செய்திதானே, என்னன்னு சொல்லுங்களேன்" என்று கையால் சைகை காட்டினார். நானும் கையை விரித்தேன். அவர் நம்பவில்லை. எந்த ஆண்பிள்ளை நம்புவான்?

பிறகு அது கடகடவென்று அடித்தது. ஆலை திறக்கிறது. மேனேஜர் சொன்னது, தொழிற்சங்கத் தலைவர் சொன்னது, எத்தனை பேருக்கு முதலில் வேலை, யாருக்கு இப்போதைக்கு இல்லை, எல்லாம் இருந்தது. படித்து முடித்தபோது அச்சுக்கூடத்து ஆட்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேரின் அண்ணன்கள் அந்த ஆலைக்காரர்கள். ஒருவன் கேட்டான், "இது நிச்சயமா நடக்குதுங்களா?"

"மெஷின்ல வந்திருக்குய்யா" என்றேன். அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, வீட்டுக்கு ஓடினான்.

என் அடுக்களையில் பிறந்த செய்தி தலைநகர்வரை போய்த் திரும்பி வருவதற்கு நான் மாதாமாதம் பணம் கட்டுகிறேன். இந்த மாதச் சந்தாவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் அக்காவுக்கு அதிலிருந்து வரும் சம்பளத்தைத் தாமதமில்லாமல் அனுப்பவும். அது வந்தால் எனக்கு ஒரு சட்டை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். உறுதிப்படுத்த இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
அத்தானும் சந்தாதாரருமான நான்